பாலில் தோய்த்த பட்டும் பிசினில் தோய்த்த கண்ணாடித் துணியும்



சிங்கப்பூரின் மேற்குப் பக்கத்தில் பூன் லே என்று ஓர் இடம் இருக்கிறது. இன்று அங்கே போகிறவர்கள் ரயில் நிலையத்தையும், அடுக்குமாடி வீடுகளையும், சற்றுத் தள்ளி ஜூரோங் தொழிற்பேட்டையின் ஆலைகளையும் காண்பார்கள். ஆனால் பூன் லே என்பது ஒரு தோட்ட முதலாளியின் பெயர். சியூ பூன் லே என்ற அந்தச் சீனர் 1852ல் பிறந்து 1933ல் மறைந்தவர். அந்த வட்டாரத்தில் விரிந்த நிலங்களை வைத்திருந்தார். முதலில் கம்பீர்ச் செடியும் மிளகும் போட்டார். பிறகு பால்மரம் நட்டார். 1961ல் ஜூரோங் தொழிற்பேட்டையின் வேலை தொடங்கிய பிறகு, அந்தப் பக்கத்துத் தோட்டங்களும் சதுப்பு நிலங்களும் ஒவ்வொன்றாக ஆலை மனைகளாக மாறின.

பூன் லேக்கு அருகில் ஒரு பெரிய பல்கலைக்கழகம் இருக்கிறது. 1950களில் அந்த வளாகத்தில் நன்யாங் பல்கலைக்கழகம் தொடங்கியபோது முன்னின்று பொருள் கொடுத்தவர் டான் லார்க் சை என்ற ரப்பர் வணிகர். ரப்பர்க் காசு ஊன்றிய அந்த வளாகத்தில் 2005 முதல் விமானப் பொறியியலைத் தனிப் பட்டப் படிப்பாகவே சொல்லித் தருகிறார்கள்.

பால்மரத்துக்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். நாம் நினைப்பதைவிடப் பழைய உறவு அது. இன்று நாம் பேசப்போவது, துணியைப் பசையில் தோய்த்து விமானம் செய்த வரலாறு. கடைசியில் அது கண்ணாடித் துணியாகவும் எப்பாக்ஸிப் பிசினாகவும் மாறி, சாதாரண மனிதர்கள் தங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே விமானம் கட்டும் நிலைக்கு வந்தது. பெங்களூரிலும் அப்படி ஒன்றைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். ஆனால் தொடக்கம் நம் பாலில்தான்.

1783ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள், பாரிஸ் நகரில் ஹைட்ரஜன் வாயு நிரப்பிய முதல் பலூன் மேலே போனது. அதை வகுத்தவர் ஜாக் சார்லஸ் என்ற அறிஞர். செய்து கொடுத்தவர்கள் ராபர்ட் என்ற பெயருடைய சகோதரர் இருவர். ஹைட்ரஜன் மிக மெல்லிய வாயு. வெறும் பட்டுத் துணியில் அடைத்தால் இழைகளின் இடுக்கு வழியே கசிந்துவிடும். அந்தச் சகோதரர்கள் ரப்பரை டர்பன்டைன் எண்ணெயில் கரைத்துப் பட்டின்மேல் பூசினார்கள். துணி வாயுவைப் பிடித்துக்கொண்டது. பலூன் ஆளில்லாமல் பறந்துபோய்க் கோனேஸ் என்ற கிராமத்தில் விழுந்தது. வானத்திலிருந்து ஏதோ பூதம் இறங்கியது என்று அஞ்சிய கிராமத்தார் கையில் கிடைத்த கருவிகளால் அதைக் குத்திக் கிழித்தார்கள். அந்த ரப்பர் தென்னமெரிக்கக் காட்டு ரப்பர். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு 22 பால்மரக் கன்றுகள் வந்து சேர்ந்தது 1877ல்தான். அதற்குப் பிறகுதான் நம் தாத்தா பாட்டிமார் வெட்டிய மரங்களின் கதை.

1823ல் ஸ்காட்லாந்துக்காரர் மக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பர்க் கரைசலை வைத்து ஒட்டி மழைச்சட்டைத் துணி செய்தார். வெயிலில் அது பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. 1839ல் அமெரிக்கரான குட்இயர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அந்தக் குறை தீர்வதைக் கண்டார். ரப்பரில் உள்ள அணுச் சங்கிலிகள் நீள நீளமான நூல்கள் போன்றவை. சூடு பட்டதும் கந்தகம் அந்த நூல்களுக்கு இடையே முடிச்சுப் போடுகிறது. முடிச்சு விழுந்த பிறகு நூல்கள் வழுக்கி ஓட முடியாது. இந்த முடிச்சை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நாம் பேசப்போகும் பிசின் இறுகுவதும் இதே போன்ற முடிச்சினால்தான்.

இப்போது ஒரு மூங்கிலை எண்ணிப் பாருங்கள். அதைப் பிளந்தால் நீளவாக்கில் நார்கள் தெரியும். நார்களைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கும் சதை போன்ற பொருள் வேறு. இழுப்பைத் தாங்குவது நார். நார்கள் வளைந்து ஒதுங்கிவிடாமல் ஒன்றாகப் பிடித்து வைப்பது சதை. இரண்டில் எது இல்லாவிட்டாலும் மூங்கில் இல்லை. மண்சுவருக்கு வைக்கோலை மிதித்துச் சேர்ப்பதும் இந்தக் கணக்கில்தான். இப்படி இரண்டு பொருள்கள் கூடித் தனியாக இருந்ததைவிட நன்றாக உழைக்குமானால் அதைக் கூட்டுப்பொருள் என்கிறோம்.

கண்ணாடியை நாராக்கினால் என்ன என்ற எண்ணத்துக்கு அடிப்படை போட்டவர் கிரிஃபித் என்ற ஆங்கிலேயர். ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த அவர் 1920ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சன்னல் கண்ணாடி எளிதில் உடைவதற்குக் காரணம், அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருப்பதே. கண்ணாடியை மெல்லிய இழையாக இழுத்தால் பெரிய கீறலுக்கு இடமே இல்லை. ஆகவே இழை மெலிய மெலிய அதன் உறுதி கூடுகிறது என்று அவர் சோதித்துக் காட்டினார். கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் இதுதான் உண்மை. தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய கண்ணாடி இழை, அதே பருமனுள்ள சாதாரண இரும்புக் கம்பியைவிட அதிக இழுப்பைத் தாங்கும்.

அந்த இழையை மலிவாகச் செய்யும் வழி தற்செயலாகக் கிடைத்தது. 1932ல் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் கண்ணாடிக் கட்டிகளை ஒட்ட முயன்றுகொண்டிருந்தார். உருகிய கண்ணாடியின்மேல் காற்று வேகமாக அடித்தது. கண்ணாடி பஞ்சுபோல் இழை இழையாகப் பறந்தது. ஸ்லேட்டர் என்பவரின் தலைமையில் அந்த ஆலை அதை ஒரு தொழிலாக வளர்த்தது. 1938ல் இதற்கென்றே தனி நிறுவனம் ஏற்பட்டது.

நார் கிடைத்துவிட்டது. பிசின்? 1907ல் பேக்லண்ட் என்ற வேதியியல் அறிஞர், சூடாக்கினால் இறுகி மீண்டும் உருகாத ஒரு பிசினைச் செய்தார். அவர் பெயராலேயே அது பேக்லைட் எனப்பட்டது. பழைய மின்விளக்குச் சுவிட்சுகளில் பார்த்திருப்பீர்கள், கறுப்பாக இருக்கும். அந்தப் பிசினில் காகிதத்தையும் துணியையும் தோய்த்து, அரைகுறையாக உலர்த்தி வைத்துக்கொண்டு, பிறகு அடுக்கி அழுத்திச் சூடாக்கிப் பலகைகள் செய்தார்கள். விமானத்தின் முன்னே சுழலும் இறக்கைகளைக்கூட அப்படிச் செய்து பார்த்தார்கள். இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் டி புருய்ன் என்பவர் சணல்வகை நாரைப் பேக்லைட் போன்ற பிசினில் தோய்த்து அழுத்தி விமான உறுப்புகள் செய்தார். உலகப் போரில் அலுமினியம் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்ற கவலை அப்போது இருந்தது. 1944ல் அமெரிக்காவின் ரைட் ஃபீல்டு விமானத் தளத்தில், உடலின் பின்பகுதியைக் கண்ணாடி இழையும் பிசினுமாகச் செய்த ஒரு பயிற்சி விமானம் பறந்தது. 1957 நவம்பரில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து மாணவர் குழு ஒன்று, முழுவதும் கண்ணாடி இழையால் ஆன முதல் சறுக்கு விமானத்தைப் பறக்கவிட்டது. அதற்கு ஃபீனிக்ஸ் என்று பெயர். பிறகு டெக்சாஸைச் சேர்ந்த விண்டெக்கர் என்ற பல் மருத்துவர் பல ஆண்டு உழைத்து, 1969ல் ஒரு கண்ணாடி இழை விமானத்துக்கு அமெரிக்க அரசின் முழு அங்கீகாரம் பெற்றார். பல் கட்டும் பிசினைக் கையாண்டு பழகியவருக்கு விமானப் பிசின் அந்நியமாகத் தோன்றவில்லை போலும்! ஆனால் வியாபாரம் நடக்கவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய விமானங்களோடு அது நின்றுபோனது.

இங்கே நாம் சற்று நின்று, பிசினில் தோய்ப்பதற்கு உள்ள இரண்டு வழிகளைப் பார்க்க வேண்டும். இன்றைய பேச்சின் சாரமே இதில்தான் இருக்கிறது.

முதல் வழி ஈரமாகப் பூசுவது. உலர்ந்த கண்ணாடித் துணியை வைத்து, பிசினையும் அதை இறுக்கும் மருந்தையும் அந்த இடத்திலேயே கலந்து, ஊற்றித் தடவி, துணி முழுவதும் ஊறும்படி செய்து, மிச்சத்தை வழித்தெடுப்பது. இது வடை சுடுவது மாதிரி. மாவில் தண்ணீர் எவ்வளவு என்பது அரைக்கிற கையைப் பொறுத்தது. பிசின் குறைந்தால் துணியில் வெள்ளைத் திட்டுகள் நின்றுவிடும். அந்த இடத்தில் உறுதி இல்லை. பிசின் மிகுந்தால் எடை ஏறும். எடை விமானத்துக்குப் பகை.

இரண்டாவது வழி அப்பளம் மாதிரி. அப்பளம் இடுபவர் மாவையும் உப்பையும் காரத்தையும் அளந்து இட்டு உலர்த்தி அனுப்பிவிடுகிறார். வீட்டில் இருப்பவர் எண்ணெயைக் காயவைத்துப் பொரித்தால் போதும். அப்படியே, ஆலையில் இயந்திரம் கண்ணாடித் துணியைப் பிசினில் அளவோடு தோய்த்து, பிசின் அரைகுறையாக இறுகிய நிலையில் நிறுத்தி, சுருளாகச் சுற்றி அனுப்புகிறது. இதற்குப் பிரீப்ரெக் என்று பெயர். முன்பே தோய்த்தது என்று பொருள். கட்டுபவர் அதை வெட்டி, அச்சின்மேல் அடுக்கடுக்காக ஒட்டி, மேலே ஒரு நெகிழித் தாளைப் போர்த்தி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கிறார். அப்போது வெளிக்காற்றே அதை அழுத்துகிறது. காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ பத்து டன் என்பதை நாம் உணர்வதே இல்லை. பிறகு 120 டிகிரி செல்சியஸ் அளவில் அடுப்பில் வைக்கிறார்கள். சூட்டில் முடிச்சுகள் விழுந்து பிசின் கல்லாகிறது.

ஆனால் அப்பளத்துக்கு இல்லாத ஒரு தொல்லை இதற்கு உண்டு. அரைகுறையாக இறுகிய பிசின் சும்மா இருக்காது. இட்லி மாவு புளிப்பதுபோல் அது தன் போக்கில் மெல்ல இறுகிக்கொண்டே இருக்கும். ஆகவே பூச்சியத்துக்குக் கீழே 18 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். அங்கே சில மாதம் முதல் ஓராண்டு வரை தாங்கும். வெளியே எடுத்துவிட்டால் சில வாரங்கள்தான். நம் நாடுகளில் இன்னொன்றும் உண்டு. குளிர்ப் பெட்டியிலிருந்து எடுத்த சுருளை உடனே பிரித்தால், குளிர்ந்த போத்தலின்மேல் வியர்ப்பதுபோல், காற்றின் ஈரம் துணியின்மேல் படியும். ஈரம் பட்ட அடுக்கு சூட்டில் கொப்புளம் காணும். சுருள் அறையின் வெப்பத்துக்கு வரும் வரை உறையைப் பிரிக்கக் கூடாது. பெரிய சுருளுக்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பூன் லேயின் புழுக்கத்தில் வேலை செய்பவருக்கு இந்தப் பொறுமைதான் முதல் பாடம்.

தோட்டத்தில் இருப்பவர்கள் இதே மாற்றத்தை வேறு உருவில் கண்டிருக்கிறார்கள். ரப்பர் ஷீட்டுகளைப் புகைக்கூடத்தில் உலர்த்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கொப்புளம் உண்டா, கறை உண்டா என்று கண்ணால் பார்த்துத் தரம் பிரித்தார்கள். 1965ல் மலேசியாவில் தரக் கட்டுப்பாட்டு ரப்பர் முறை வந்தது. அதன்படி ஆய்வுக்கூடத்தில் அழுக்கின் அளவைச் சோதித்து எண்ணால் தரம் குறித்தார்கள். தரம் பார்க்கும் பொறுப்பு கண்ணிலிருந்து கருவிக்குப் போனது. வடை முறைக்கும் அப்பள முறைக்கும் உள்ள வேறுபாடும் அதுவே. அளவு யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. உலோகத் தகட்டின் உறுதி உருக்காலையிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. கண்ணாடித் துணியை ஈரமாகப் பூசும்போது, விமானத்தின் உறுதியே பூசுகிறவர் கையில் அந்த நேரத்தில் பிறக்கிறது. சரியாக ஊறாத ஓர் அடுக்கு மேலே வண்ணம் பூசியதும் மறைந்துவிடும். ஏறிப் பறப்பவரின் உயிர் அந்த அடுக்கில் இருக்கிறது.

இத்தகைய பொறுப்பைச் சாதாரண மக்களை நம்பி ஒப்படைத்தவர் பர்ட் ரூட்டான். அமெரிக்காவில் ஒருவர் தம் பொழுதுபோக்குக்காகவும் கல்விக்காகவும் விமானத்தின் பெரும்பகுதியைத் தாமே கட்டினால், தனி அனுமதியின்பேரில் பறக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. அப்படிக் கட்டுபவர்கள் 1953லேயே ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். மரமும் துணியும் இரும்புக் குழாயும்தான் அவர்களுடைய பொருள்கள். கண்ணாடி இழைக்கு விலையுயர்ந்த அச்சு வேண்டும். ஒரே ஒரு விமானம் கட்டுபவருக்கு அது கட்டுபடியாகாது.

கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் பட்டறை வைத்திருந்த ரூட்டான் அச்சையே ஒழித்துவிட்டார். நுரைக் கட்டியை எடுத்து, மின்சாரத்தால் சூடேற்றிய கம்பியைக் கொண்டு, வெண்ணெயை நூலால் அறுப்பதுபோல் இறக்கையின் வடிவில் அறுத்தார். அந்த நுரையின்மேலேயே கண்ணாடித் துணியை விரித்து எப்பாக்ஸிப் பிசினைப் பூசினார். நுரை உள்ளேயே நின்றுவிடும். உள்ளே இலேசான நுரை, வெளியே இரு பக்கமும் கண்ணாடித் தோல். வாழைத்தண்டின் கனமின்மையும் மூங்கிலின் விறைப்பும் அதில் சேர்ந்தன. 1975 மே மாதத்தில் அவருடைய வேரிஈஸி பறந்தது. 1979ல் அதைவிடச் சற்றுப் பெரிய லாங் ஈஸி பறந்தது. பின்னால் இருக்க வேண்டிய சிறு இறக்கை முன்னே இருக்கும். எஞ்சின் பின்னால் இருக்கும். பார்ப்பதற்கு ஏதோ பின்னோக்கிப் பறப்பதுபோல் தோன்றும்.

ரூட்டான் விமானத்தை விற்கவில்லை. வரைபடப் புத்தகத்தை விற்றார். அந்தப் புத்தகத்தை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம். விமானத்தைத் தொடுவதற்கு முன்னால் வாங்கியவரைச் சிறு துண்டுகள் செய்து பழகச் சொல்கிறது அது. செய்த துண்டை நிறுத்துப் பார்க்க வேண்டும். எடை கூடினால் பிசின் மிகுதி; குறைந்தால் பிசின் போதவில்லை. நுரையும் கண்ணாடித் துணியுமாக ஒரு சிறு விட்டம் செய்து அதன்மேல் ஏறி நின்று பார்க்க வேண்டும். நிற்கிறது என்று கண்டால்தான் மனத்தில் துணிவு வரும். ஆலையில் இயந்திரம் காக்கும் அளவைத் தராசும் பயிற்சியும் கொண்டு வீட்டிலேயே காக்கலாம் என்பது ரூட்டானின் துணிவு. அவர் சொன்னபடி செய்தவர்கள் நன்றாகப் பறந்தார்கள்.

அந்தப் புத்தகத்தில் இன்னொரு கட்டளை: வெள்ளை நிறம் தவிர வேறு நிறம் பூசக் கூடாது. அடுப்பில் வேகாமல் அறை வெப்பத்திலேயே இறுகிய பிசின், கறுப்பு வண்ணத்தின்கீழ் வெயிலில் நின்றால் மெதுவாக இளகத் தொடங்கும். அடுப்பில் வெந்த பிரீப்ரெக் இந்த வகையில் மேலானது. எந்தச் சூட்டில் வெந்ததோ அந்தச் சூட்டை ஒட்டி வரை அது தாக்குப்பிடிக்கும்.

வீட்டில் கட்டுபவர் ஏன் முதலிலேயே பிரீப்ரெக்கை எடுக்கவில்லை என்று கேட்கலாம். குளிர்ப் பெட்டி வேண்டும், இறக்கை நுழையும் அளவுக்கு அடுப்பு வேண்டும், அச்சு வேண்டும், காலாவதியாகும் முன் வேலையை முடிக்க வேண்டும். மாலை நேரத்தில் இரண்டு மணி நேரம் வேலை செய்து நான்கு ஆண்டில் விமானம் முடிக்கிற குடும்பத்துக்கு இது ஒத்துவராது. எங்கள் கருத்தில், 1975ல் ரூட்டான் வடை வழியைத் தேர்ந்ததே சரி.

ஆனால் ரூட்டானே பிறகு பிரீப்ரெக்கிடம் வந்தார். உலகத்தை எங்கும் இறங்காமல், வழியில் எண்ணெய் நிரப்பாமல் ஒரே பறப்பில் சுற்றிவர ஒரு விமானம் வேண்டும் என்று அவருடைய அண்ணன் டிக் ரூட்டானும், ஜீனா யேகர் என்ற பெண் விமானியும் கேட்டார்கள். அதற்கு எடையில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. இம்முறை கண்ணாடிக்குப் பதில் கரி இழை. முன்பே தோய்த்த கரித் துணியைத் தேன்கூடு போன்ற காகித அடுக்கின் இரு பக்கமும் ஒட்டி, தாங்களே கட்டிய அடுப்பில் வேகவைத்தார்கள். பெரிய ஆலையோ அரசுப் பணமோ இல்லை. நன்கொடையும் தொண்டர்களின் உழைப்பும்தான். வாயேஜர் என்ற அந்த விமானத்தின் உடல் 430 கிலோ கூட இல்லை. அது சுமந்த எண்ணெயோ மூன்று டன்னுக்கு மேல். 1986 டிசம்பர் 14ஆம் நாள் புறப்பட்டு ஒன்பது நாளில் உலகைச் சுற்றி 23ஆம் நாள் புறப்பட்ட இடத்திலேயே இறங்கியது.

அதே காலத்தில் லான்ஸ் நைபாவர் என்ற அமெரிக்கர் வேறொரு வழி கண்டார். பிரீப்ரெக் கண்ணாடித் துணியால் விமானத்தின் ஓடுகளைத் தம் பட்டறையின் அடுப்பில் வேகவைத்து, பெட்டியில் போட்டு விற்றார். வாங்கியவர் வீட்டில் அவற்றைச் சேர்த்து ஈரப் பிசினால் ஒட்டி, மற்ற உறுப்புகளைப் பொருத்தி விமானத்தை முடித்தார். லான்கெயர் என்பது அதன் பெயர். அளவு தவறக் கூடாத பகுதி ஆலையிலும், பொறுமை வேண்டிய பகுதி வீட்டிலும் நடந்தது. பெரும்பகுதியை நீங்களேதான் கட்டினீர்களா என்ற சட்டக் கேள்விக்கு மட்டும் கவனமாகக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது.

இனி நம் பக்கம் வருவோம். 1959ல் நிறுவப்பட்ட இந்தியாவின் தேசிய விமான ஆய்வுக்கூடம் பெங்களூரில் இருக்கிறது. 1980களில் பேராசிரியர் ரோத்தம் நரசிம்மா அதன் இயக்குநராக இருந்தார். கூட்டுப்பொருளில் விமானம் கட்டும் கலையைக் கற்க வேண்டும் என்று விரும்பிய அந்தக் கூடத்தார், ரூட்டானின் லாங் ஈஸியையே எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் கட்டுபவருக்காக எழுதிய வரைபடத்தை வைத்துக்கொண்டு, விஞ்ஞானிகளும் தொழில்நுட்பக்காரர்களும் நுரை அறுத்து, துணி விரித்து, பிசின் பூசினார்கள். அந்த விமானம் 1987ல் பெங்களூர் வானில் பறந்தது. பெரிய ஆய்வுக்கூடம் ஒன்று, பொழுதுபோக்குக்காரர்களின் பாடப் புத்தகத்தில் முதல் வகுப்புப் படித்தது! அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது எங்கள் எண்ணம். கைப்பழக்கத்தைக் கையால் செய்துதான் பெற முடியும். கட்டுரைகளைப் படித்து எவரும் பால் வெட்டப் பழகியதில்லை.

அந்தப் பழக்கத்தின் பயனாக ஹன்சா என்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம் பிறந்தது. கூட்டுப்பொருளால் ஆன உடல். 1993 நவம்பரில் அதன் முதல் மாதிரி பறந்தது. ஹன்சா மூன்று என்ற வடிவத்துக்கு 2000ஆம் ஆண்டில் அரசின் அங்கீகாரம் கிடைத்தது. சுமார் பத்து விமானங்கள் இந்தியாவின் பறக்கும் பயிற்சிக் கழகங்களுக்குப் போயின. மறுபுறம் அதே ஆய்வுக்கூடம், தேஜஸ் போர் விமானத்துக்காக முன்பே தோய்த்த கரித் துணியைப் பெரிய அழுத்த அடுப்புகளில் வேகவைத்து உறுப்புகள் செய்தது. 2001 ஜனவரி 4ஆம் நாள் முதன்முதலாகப் பறந்த தேஜஸின் உடல் எடையில் ஏறத்தாழ பாதி கூட்டுப்பொருள். ஒரே வளாகத்தில் வடையும் அப்பளமும்.

தமிழர் என்ற முறையில் ஒருவரை இங்கே சொல்லாமல் போக முடியாது. ராமேஸ்வரத்தில் பிறந்து, சென்னை குரோம்பேட்டையில் விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம், தும்பா ராக்கெட் தளத்தில் வேலை செய்த காலத்திலேயே கண்ணாடி இழைப் பிசின் பொருள்களில் ஈடுபட்டவர். அவர் தலைமையில் உருவாகி 1980 ஜூலை 18ல் ரோகிணி என்ற துணைக்கோளை மேலே சேர்த்த எஸ்எல்வி மூன்று ராக்கெட்டின் மேலடுக்குகளுக்கு உறை, இரும்பு அன்று, கண்ணாடி இழை. பிறகு 1990களில், ஹைதராபாத் மருத்துவமனையில் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய குழந்தைகள் மூன்று கிலோ எடையுள்ள இரும்புத் தாங்கிகளை மாட்டிக்கொண்டு காலை இழுத்து நடப்பதைப் பார்த்தார். ஏவுகணைக் கூடத்தின் கூட்டுப்பொருளைக் கொண்டு அவரும் மருத்துவர்களும் அதைச் சுமார் 300 கிராமாகக் குறைத்தார்கள்.

சிங்கப்பூரில் சிலேத்தார் விமானத் தளத்தில் இருக்கும் இளையர் பறக்கும் கழகம் மாணவர்களைப் பழக்கிய டைமண்ட் விமானங்களும் ஆஸ்திரிய நாட்டுக் கண்ணாடி இழை விமானங்களே. அவற்றின் டயர்களைப் பற்றி ஒரு செய்தி. எத்தனையோ செயற்கை ரப்பர் வந்த பிறகும், விமான டயரில் மரத்துப் பால்தான் இன்னும் பெரும்பங்கு. இறங்கும்போது ஏற்படும் அதிர்ச்சியையும் சூட்டையும் அதைப்போல் தாங்குவது வேறில்லை. டயருக்கு உள்ளே இருப்பதும், பச்சை ரப்பரில் முன்பே தோய்த்து அடுக்கி வேகவைத்த நூல்தான்.

இந்த வேலைக்குப் போக விரும்பும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. கண்ணாடித் துணியை அறுத்துத் தேய்க்கும்போது எழும் தூசி தோலை அரிக்கும். மூச்சில் போகக் கூடாது. எப்பாக்ஸியை இறுக்கும் மருந்து அதைவிடக் கொடியது. முதல் நாள் ஒன்றும் செய்யாது. பல நாள் வெறுங்கையால் தொட்டவருக்கு ஒரு நாள் திடீரென்று கை வீங்கிச் சிவக்கும். அதற்குப் பிறகு சிறிதளவு பட்டாலும் உடம்பு ஏற்காது. தொழிலையே விட வேண்டிவரும். மருந்து தெளிக்கிறவர்களுக்குக் கையுறை கொடுக்காமல் வேலை வாங்கும் வழக்கத்தைத் தோட்டங்களில் நாம் பார்த்திருக்கிறோம். விமானப் பட்டறையிலும் கையுறை கேட்டு வாங்கத்தான் வேண்டும். பிரீப்ரெக்கில் பிசின் ஒழுகாது, கலக்கும் வேலையும் இல்லை. அதனால் ஆபத்து குறைவு, இல்லாமல் போய்விடவில்லை.

பெங்களூர்க் கதை இன்னும் தொடர்கிறது. ஹன்சாவின் புதிய வடிவம் 2021 செப்டம்பர் 3ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. ஆனால் பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். கடலோரத்தின் கனத்த காற்றில் விமானம் எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். 2022 பிப்ரவரி 19ஆம் நாள் அதைப் பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்கு ஓட்டிவந்தார்கள். பயணம் ஒன்றரை மணி நேரம். மார்ச் முதல் வாரம் வரை அந்தக் கடற்கரை ஊரின்மேல் பறந்து, அதன் ஓட்டத்தையும், ஏறும் வேகத்தையும், எஞ்சினையும் சோதித்த பிறகு அதைத் திரும்ப ஓட்டிச் சென்றார்கள்.